தீக்கோழித் தோல் வாட்ச் ஸ்ட்ராப்: நம்ம குமரி மாவட்ட வேர்வைக்கும் மழைக்கும் தாங்குமா?

தாங்குகிறது. ஆனால் அதற்குப் பாதிக் காரணம்தான் தீக்கோழி. மீதிப் பாதி, கையில் படுகிற உள்பக்கத்துக்கு என்ன தோல் போட்டிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஸ்ட்ராப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேல்பக்க அழகையே எழுதுகிறார்கள். வருஷத்தில் இரண்டு மழைக்காலமும் மீதி மாதங்களில் கடல் காற்றோடு புழுக்கமும் உள்ள நமக்கு அது போதாது.

தக்கலைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். கையில் கட்டுவது சீக்கோ 5, மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் வாங்கித் தந்தது. 37 மில்லிமீட்டர் கேஸ், ஸ்ட்ராப் மாட்டுகிற இடம் 18 மில்லிமீட்டர். அதோடு வந்த நைலான் ஸ்ட்ராப் வேர்வையைக் குடித்துக் குடித்து நாற்றமெடுத்தது. துவைத்தாலும் இரண்டு நாளில் பழையபடி. தோலுக்கு மாறினேன். சாதாரண மாட்டுத்தோல் ஸ்ட்ராப்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாதிரி போயின: உள்பக்கம் கறுத்து, விறைத்து, ஓட்டை இருக்கிற இடத்தில் வெடித்து. பேட்டரி மாற்றித் தருகிற கடை அண்ணாச்சி ஒன்றைப் பிரித்துக் காட்டினார். "மேல உள்ளது நல்லாத்தான் இருக்கு டீச்சர், உள்ள உள்ளதுதான் செத்துப் போச்சு" என்றார். அதற்கப்புறம் எந்த ஸ்ட்ராப்பைப் பார்த்தாலும் முதலில் திருப்பித்தான் பார்க்கிறேன்.

வேர்வை லேசான அமிலத்தன்மை உள்ளது, உப்பும் உண்டு. தோல் அதை உறிஞ்சும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு உள்ளேயே தங்கும். நாள் போகப் போகத் தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசை குறைந்து நார்கள் விறைக்கின்றன. நாற்றம் தனிக் கதை, அது பாக்டீரியா வேலை. மழைக்காலத்தில் பூசணமும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவையும் முதலில் வாங்கிக்கொள்வது உள்பக்கத்துத் தோல், அதாவது லைனிங்தான். மேலே முதலை இருந்தாலும் சரி, மாடு இருந்தாலும் சரி.

இப்போது கட்டியிருக்கிற ஸ்ட்ராப்பைச் சென்னையில் வீட்டிலிருந்தே கையால் தைத்துத் தருகிற ஒருவரிடம் ஆர்டர் கொடுத்து வாங்கினேன். 4,200 ரூபாய், கூரியர் தனி. விலை அதிகம்தான். ஆனால் அவர் என்னிடம் கேட்ட கேள்விகளே எனக்கு நம்பிக்கை தந்தன. மணிக்கட்டின் சுற்றளவு என்ன, எலும்புக்கு மேலே கட்டுவீர்களா கீழேயா, வேர்வை அதிகமா, தோல் பட்டால் அரிப்பு வருமா. கடைசிக் கேள்வியை எந்தக் கடையிலும் என்னைக் கேட்டதில்லை. பெரும்பாலான தோல் குரோமியம் உப்பில் பதனிடப்படுகிறது. அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மணிக்கட்டில் செக்கச்செவேலென்று தடிக்கும். எனக்கும் அப்படி வந்ததுண்டு என்று சொன்னதும், லைனிங்குக்கு ஆவாரம் பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் போடலாம் என்றார்.

அது நம் தமிழ்நாட்டுத் தோல். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் கொடுத்து முடிக்கிற பழைய முறை. வணிகத்தில் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்பார்கள், புவிசார் குறியீடும் உண்டு. வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும், மேலே பெயின்ட் இருக்காது. பெயின்ட் இல்லாததால் வேர்வையை வாங்கி, கழற்றி வைத்த பிறகு மெல்ல விட்டுவிடுகிறது. பளபளவென்று பூச்சு பூசிய லைனிங்கில் வேர்வை தோலுக்கும் கைக்கும் நடுவில் நின்று வழுக்கும். இரண்டையும் கட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

இதில் ஒரே ஒரு தொந்தரவு உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்து போர் தண்ணீரில் இரும்பு அதிகம், வாளியில் செந்நிறக் கறை படிகிற தண்ணீர். கை கழுவும்போது பக்கிள் பக்கத்தில் பட்ட துளிகள் லைனிங்கில் கருநீலப் புள்ளிகளாக நின்றுவிட்டன. பிளஸ் டூ பிள்ளைகள் லேபில் பீனாலோடு பெரிக் குளோரைடு சேர்த்து ஊதா நிறம் பார்க்கிறார்களே, ஏறக்குறைய அதே வினைதான் இது. பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கிற டானினும் இரும்பும் சேர்ந்தால் மை. கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் போட்டு எழுத்து மை காய்ச்சினது இப்படித்தான். வெறுமனே துடைத்தால் கறை போகாது. ஆனால் பக்கிள் மட்டமான இரும்பாக இருந்தால் இதே கறை ஸ்ட்ராப் முழுக்க வரும். அதனால் பக்கிள் துருப்பிடிக்காத ஸ்டீல் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேல்பக்கத்துக்கு வருகிறேன். தீக்கோழித் தோலின் அடையாளம் அதிலுள்ள மொட்டுகள். நாட்டுக்கோழியின் இறகைப் பிடுங்கினால் அந்த இடம் புடைத்துத் தெரியுமே, அதையே பெரிதாக்கின மாதிரி. ஒவ்வொரு மொட்டின் நடுவிலும் இறகு நின்ற குழி தெரியும். மொட்டுகள் ஒரே அளவில் இருக்காது, ஒரே தூரத்திலும் இருக்காது. என் ஸ்ட்ராப்பில் வாட்ச் பக்கம் நாலைந்து பெரிய மொட்டுகள் கூட்டமாக நிற்கின்றன, நுனிக்குப் போகப் போகச் சிறுத்து, கடைசி ஓட்டைக்கு அப்பால் வெறும் தோல்தான். விரலால் தடவினால் ஒவ்வொன்றும் மெத்தென்று அமுங்கி எழும்பும். லேபிலிருந்த லென்ஸை வைத்துப் பார்த்தேன்: குழியின் விளிம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, இறகு படிந்திருந்த திசை அது. மாட்டுத்தோலில் அச்சடித்த போலியில் இதெல்லாம் கிடையாது. அதில் புள்ளிகள் வரிசை பிசகாமல் இருக்கும், நடுவில் குழி இருக்காது, அமுக்கினால் அசையாது.

மொட்டு நிறைந்த பகுதி பறவையின் முதுகில் வைர வடிவத்தில் ஓர் இடம் மட்டும்தான். அதனால்தான் விலை. வயிற்றுப் பக்கத்துத் தோலில் மொட்டு குறைவு, விலையும் குறைவு. காலிலிருந்து எடுக்கிற தோல் முற்றிலும் வேறு. நடுவே அகன்ற செதில்கள் ஓட, பார்த்தால் ஊர்வன ஏதோ என்று நினைப்பீர்கள். மெல்லிசாகவும் உறுதியாகவும் இருக்கும் என்பதால் சின்ன வாட்சுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கேட்பது, "ஈமு தோலா டீச்சர்?" என்று. இல்லை, வேறு பறவை. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்பில் பணம் போட்டு இழந்தவர்களின் கதை இன்னும் எல்லோர் மனதிலும் இருக்கிறது, அதனால் கேட்கிறார்கள். தீக்கோழித் தோல் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே அவுட்ஷூர்ன் என்ற ஊரைச் சுற்றி நூறு வருஷத்துக்கு மேலாகப் பண்ணைகள் உண்டு. முதலில் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்கு இறகுக்காக வளர்த்தார்கள். 1914 வாக்கில் அந்த வியாபாரம் படுத்தது. பிற்பாடு தோலும் இறைச்சியும் முக்கியமாயின.

முதலைத் தோலை நான் ஏன் எடுக்கவில்லை என்று பல பேர் கேட்டார்கள். ஒரு காரணம் மழை. பளபளப்பாக மெருகேற்றிய முதலைத் தோலில் தண்ணீர்த் துளி பட்டுக் காய்ந்தால் வட்டமாகத் தடம் நிற்கும். மங்கலாக முடித்தது பரவாயில்லை. செதில்களுக்கு நடுவே இருக்கிற பள்ளங்களில் சாக்பீஸ் தூள் போய் அடையும் என்பது என் தொழிலுக்கே உரிய பிரச்சினை.

இன்னொரு காரணம், சந்தையில் முதலை என்று விற்பதில் பெரும்பகுதி முதலை இல்லை. எங்கள் பிசிக்ஸ் சார் ஓரியன்ட் பாம்பினோ கட்டுகிறார். 40.5 மில்லிமீட்டர் வாட்ச், ஸ்ட்ராப் அகலம் 21. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 18, 20, 22 என்பதால் 21-க்கு அலைந்து, கடைசியில் ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் அசல் முதலைத் தோல் என்று 1,800 ரூபாய்க்கு வாங்கினார். லென்ஸில் பார்த்தால் பள்ளங்கள் எல்லாம் ஒரே ஆழம். மடக்கினால் செதிலுக்குச் செதில் தனியாக அசையவில்லை, மொத்தமாக வளைந்து குறுக்கே சுருக்கம் விழுந்தது. அசல் தோலில் பள்ளம்தான் மடங்கும், அங்கே மிக நுண்ணிய சுருக்கங்கள் தெரியும். மாட்டுத்தோலில் முதலை அச்சு. அதில் தப்பே இல்லை, நல்ல மாட்டுத்தோல் நல்ல பொருள்தான். அசல் முதலை என்று எழுதி விற்றதுதான் தப்பு. சார் பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதினார், பதில் வரவில்லை.

அசலிலும் இரண்டு உண்டு, குரோக்கடைல், அலிகேட்டர். குரோக்கடைலில் செதிலுக்குச் செதில் ஊசிமுனைப் புள்ளி ஒன்று இருக்கும். தண்ணீரின் அசைவை உணர்கிற உறுப்பின் தடம் அது. அலிகேட்டருக்கு அந்தப் புள்ளிகள் தாடையில் மட்டும்தான், அதனால் ஸ்ட்ராப்புக்கு வருகிற வயிற்றுத் தோலில் தெரியாது. வயிற்றின் நடுவில் செதில் சதுரமாக இருக்கும், விலாப் பக்கம் உருண்டையாக. வாட்ச் பக்கம் பெரிய சதுரங்களில் தொடங்கி நுனியில் சிறிய செதில்களில் முடிகிற மாதிரி வெட்டுவதுதான் நல்ல கைவேலை.

சட்டத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் வீட்டுக்கொருவர் வெளிநாட்டில் இருக்கிறார், லீவுக்கு வரும்போது பரிசு வாங்கி வருகிறார்கள். முதலை, மலைப்பாம்பு, பல்லி இனத் தோல்களின் சர்வதேச வியாபாரம், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. 1975 முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தம், இந்தியா 1976-இல் சேர்ந்தது. அப்படி ஒரு ஸ்ட்ராப் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பில்லோடு சைட்டிஸ் ஆவணமும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பண்ணையில் வளர்க்கும் தென்னாப்பிரிக்கத் தீக்கோழி அந்தப் பட்டியலில் இல்லை. ஆப்பிரிக்காவின் வடக்கு, மேற்கு நாடுகள் சிலவற்றின் தீக்கோழிகள்தான் இருக்கின்றன. நான் தீக்கோழியைத் தேர்ந்தெடுத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

நம் நாட்டு உயிர்கள் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. நம் முதலைகள், மலைப்பாம்பு, உடும்பு எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கஞ்சிராவுக்கு உடும்புத் தோல் கட்டினது ஒரு காலம், இப்போது ஆட்டுத்தோலுக்கு மாறியிருக்கிறார்கள். சென்னை ஒரு காலத்தில் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர். இருளர்கள் பிடித்துக் கொடுத்த பாம்புகள்தான். சட்டம் வந்து அந்த வியாபாரம் நின்ற பிறகு, 1978-இல் அவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடும் வேலைக்கு மாறினார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. யாராவது "நாட்டு உடும்புத் தோல், ரகசியமாகக் கிடைக்கும்" என்று சொன்னால் அந்தக் கடைப்பக்கமே போகாதீர்கள்.

திருக்கைத் தோல் ஸ்ட்ராப் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. கொழுந்தன் தாய்லாந்து போனபோது வாங்கி வந்தது. என் வீட்டுக்காரருக்குக் குளச்சல், திருக்கையைத் தேங்காய் அரைத்த குழம்பாகப் பார்த்து வளர்ந்தவர்கள், அதைக் கையில் கட்டுவதா என்று மாமியாருக்கு ஒரே ஆச்சரியம். தோல் முழுக்கக் கடுகளவு மணிகள் நெருக்கமாக இருக்கும், முதுகின் நடுவில் கொஞ்சம் பெரிய வெள்ளை மணிகள். மணிகள் ஒவ்வொன்றும் நம் பல் எந்த வகைப் பொருளால் ஆனதோ அதே வகைதான், அதனால் தண்ணீரோ கீறலோ மேல்பக்கத்தை ஒன்றும் செய்யாது. ஜப்பானில் வாள் கைப்பிடிக்கு இதைச் சுற்றியதற்கும் காரணம் அந்த உறுதியும் பிடிமானமும்தான். ஆனால் விறைப்பு. கையோடு வளைய ரொம்ப நாள் ஆகிறது. நீளத்தை வெட்டிக் குறைக்க முடியாது, கூடுதல் ஓட்டை போட அண்ணாச்சியின் பஞ்ச் ஏறவில்லை. ஓரத்தில் தேய்த்து வழவழப்பாக்காத மணிகள் என் பருத்திச் சேலையின் முந்தானையில் நூலிழுத்துவிட்டன. பெண்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். பைக்கில் மழையில் அலைகிறவர்களுக்கு, ஓரம் மடித்துத் தைத்ததாக, லைனிங் நல்லதாக இருந்தால், சரி.

இனிப் பராமரிப்பு. நம் ஊரில் தோல் என்றாலே தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்வார்கள். செருப்புக்கு, பெல்ட்டுக்கு, எல்லாவற்றுக்கும். ஸ்ட்ராப்புக்குத் தயவுசெய்து வேண்டாம். தோல் கறுத்துப்போகும், தொளதொளவென்று ஆகி ஓட்டைகள் இழுபடும், உள்ளே தங்கின எண்ணெய் காறிப்போய் நாறும், பூசணத்துக்கும் வசதி. அண்ணாச்சியும் இதையே சொன்னார்: "எண்ண ஒண்ணும் தேய்க்காண்டாம் டீச்சர், வெறுந்துணி வச்சுத் தொடச்சா மதி."

அந்த வெறுந்துணிதான் நான் செய்வதில் முக்கால்வாசி. வீட்டுக்கு வந்ததும் வாட்சைக் கழற்றி, பழைய வேட்டித் துணியால் உள்பக்கத்தை ஒரு துடை துடைத்து, மின்விசிறிக் காற்றில் உள்பக்கம் மேலே தெரியும்படி வைத்துவிடுவேன். தொடர்ந்து எல்லா நாளும் ஒரே ஸ்ட்ராப் கட்டுவதில்லை. உள்ளே போன ஈரம் முழுசாக வெளியேற ஒரு ராத்திரி போதாது. நடுவில் ரப்பர் ஸ்ட்ராப் ஒன்றை மாட்டிக்கொள்கிறேன். ஸ்ட்ராப்பை வாட்சோடு பிணைக்கிற கம்பியை, விரல் நகத்தால் தள்ளிக் கழற்றுகிற வகையாக வைத்துத் தரச் சொன்னால் மாற்றுவது அரை நிமிஷ வேலை.

நனைந்துவிட்டால் வாட்சிலிருந்து கழற்றி, ஒற்றி எடுத்து, நிழலில் தட்டையாகப் போடுங்கள். வெயிலிலும் ஹேர் டிரையரிலும் காய வைத்தால் விறைத்துச் சுருங்கும். சானிடைசர் தேய்த்த கையோடு ஸ்ட்ராப்பைத் தொடாதீர்கள், ஆல்கஹால் மேல்பூச்சையும் நிறத்தையும் எடுத்துவிடும். சென்டும் அப்படியே. தீக்கோழித் தோலுக்கு நிறமில்லாத லெதர் கிரீம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, விரல்நுனியில் கொஞ்சம், மேல்பக்கம் மட்டும். மொட்டின் குழிகளில் கிரீம் தங்கினால் வெள்ளையாகத் தெரியும், மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். திருக்கைக்குக் கிரீமே வேண்டாம், ஈரத்துணி போதும்.

ஜூன், ஜூலையில் பீரோவில் வைத்த தோல் சாமானில் பூசணம் பிடிப்பது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பதுதான் அதற்கு முதல் காரணம். துணிப்பையில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைக்கிறேன். கடையில் மருந்தோடும் ஷூவோடும் வருகிற பொட்டலங்கள் நம் ஈரத்துக்குச் சீக்கிரம் தோற்றுவிடும். நிறம் மாறுகிற வகை வாங்கினால் எப்போது தீர்ந்தது என்று தெரியும். நீலம் இளஞ்சிவப்பாகிறது என்றால் அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நச்சுப்பொருள், சமையல் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கி மீட்க நினைக்காதீர்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாகிற வகையில் கோபால்ட் இல்லை, வீட்டுக்கு அதுவே நல்லது. பூசணம் வந்தே விட்டால் வீட்டுக்குள் தட்டாதீர்கள். வெளித்திண்ணையில் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றில் விட்டு, அந்தத் துணியைத் தூரப் போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அப்புறம் என் ஸ்ட்ராப் எப்படி இருக்கிறது? மொட்டுகளின் தலை கொஞ்சம் கருமையேறிப் பளபளக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. தையல் ஓர் இழைகூட விடவில்லை. நாற்றம் சுத்தமாக இல்லை. குறை என்றால், ஓரத்தில் பூசின பெயின்ட் நான் மாட்டுகிற ஓட்டைக்குப் பக்கத்தில் விரிசல் விட்டிருக்கிறது, அங்கேதான் ஸ்ட்ராப் தினமும் மடங்குகிறது. நுனியைச் செருகுகிற லூப்களில் ஒன்று தளர்ந்துபோய் நழுவுகிறது. அவரிடம் சொன்னேன், கூரியர் செலவு மட்டும் கொடுத்தால் இரண்டையும் சரிசெய்து தருகிறேன் என்றார். 4,200 வாங்கியவர் அந்தக் கூரியரையும் ஏற்றிருக்கலாம் என்பது என் எண்ணம். காத்திருப்பும் அதிகம், சொன்ன தேதியில் வரவில்லை.

ஆர்டர் கொடுக்கிற பெண்களுக்கு ஒரு விஷயம். கடைகளில் வருகிற ஸ்ட்ராப்கள் பெரும்பாலும் ஓட்டையுள்ள துண்டு 115, பக்கிள் துண்டு 75 மில்லிமீட்டர் நீளத்தில் ஆண் கைக்கு வெட்டினவை. நம் கையில் கட்டினால் நுனி சுற்றி வந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பக்கிளும் மணிக்கட்டின் நடுவில் உட்காராது. நான் 105, 70 என்று எழுதிக் கேட்டேன், அகலம் வாட்ச் பக்கம் 18, பக்கிள் பக்கம் 16. மணிக்கட்டு ஆறு அங்குலத்துக்குப் பக்கமாக இருந்தால் இதே அளவு சரியாக வரும்.